கேட்டுக் கட்டிய வீடுகளும் கேளாது கட்டிய லயங்களும்

கண்டி மாநகரைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. அரண்மனையைப் பற்றியும், தலதா மாளிகையைப் பற்றியும், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வயலைத் தேக்கி ஏரியாக்கிய கதையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றனர். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையைப் பாடசாலைச் சிறுவனும் அறிவான். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமை நகரம் என்னும் பட்டமும் கண்டிக்குக் கிடைத்துவிட்டது. ஆயினும் நாள்தோறும் விடியற்காலையில் அந்த நகரத்துக்குள் வந்து, பொழுது சாய்ந்ததும் அதைவிட்டு வெளியேறும் மக்களைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

ஒரு கணக்கை முதலில் நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 13 லட்சத்து 75 ஆயிரம் பேர். மாநகர சபை எல்லைக்குள் வாழ்ந்தோரோ ஒரு லட்சத்துக்குச் சற்றேறக் குறையவே. கண்டியில் வேலை செய்வோர், படிப்போர், வியாபாரம் செய்வோர், நோய்க்கு மருந்து தேடி வருவோர் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் கண்டிக்கு வெளியே வாழ்கின்றனர். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, தென்னக்கும்புர, அம்பிட்டிய, ஹந்தானை, குண்டசாலை, திகன, அக்குறணை, கெலிஓயா, பிலிமத்தலாவை என்று நீண்டு செல்லும் அந்தப் புறநகரங்களே உண்மையில் இன்றைய கண்டி. நடுவில் உள்ள ஏரியும் மாளிகையும் அதன் முகப்பு.

இந்தப் புறநகரங்கள் எவ்வாறு தோன்றின? அவற்றில் யாரை யார் குடியேற்றினர்? யாருடைய விருப்பத்தைக் கேட்டனர், யாருடையதைக் கேளாது விட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கண்டி மலைகளால் சூழப்பட்ட ஒரு கிண்ணம். அதன் மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கை வளைந்தோடுகிறது. தெற்கே ஹந்தானை மலை எழுந்து நிற்கிறது. இயற்கை அமைத்த இவ்வரணை அரசர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆகவேதான் ஆற்றின்மேல் பாலம் கட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. ஆற்றைக் கடக்க வேண்டியவர் துறைகளை நாட வேண்டும்; துறைகளில் காவல் உண்டு. கட்டுகஸ்தோட்டை என்ற பெயரின் ஈற்றில் நிற்கும் சொல் தமிழர் செவிக்குத் தோட்டத்தை நினைவூட்டலாம். சிங்களத்தில் அதன் பொருள் துறை என்பதே. இன்று பேருந்துகளும் லொறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கட்டுகஸ்தோட்டை, கெட்டம்பே, லேவெல்ல ஆகியவை ஒருகாலத்தில் ஓடத்துறைகளாக இருந்தவையே. நகரத்துக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்பதைத் தீர்மானித்த வாயில்கள் அவை.

துறைகளுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த ஊர்கள் அரசனுக்கும் ஆலயங்களுக்கும் ஊழியம் செய்ய விதிக்கப்பட்டவை. ஓரூரார் வெள்ளி வேலை செய்தனர். ஓரூரார் பித்தளை வார்த்தனர். ஓரூரார் பறை முழக்கினர். ஓரூரார் பெரஹராவுக்குப் பந்தம் பிடித்தனர். நிலத்தை உழுது உண்பதற்குக் கைம்மாறாகச் செய்த ஊழியமே ராஜகாரியம் எனப்பட்டது. நகரத்துக்குத் தேவையான உழைப்பு நகரத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும். வேண்டும்போது உள்ளே வந்து, முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். இவ்விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது. சட்டப்படி ராஜகாரியம் 1832இல் ஒழிந்தது. விதி மட்டும் வேறு வேறு வேடத்தில் தொடர்ந்தது.

விந்தை என்னவெனில், தலைநகரத்தின் நெரிசலை விட்டு வெளியே குடியிருந்த முதற் பெருமகன் ஓர் அரசனே! 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன் ஆற்றங்கரையில் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தான். குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அவனை அழைத்தனர். அவனுக்குப் பின்னர் கண்டிச் சிங்காசனம் தென்னிந்திய நாயக்கர் மரபினருக்குச் சென்றது. தன் விருப்பப்படி புறநகரில் வாழ்ந்தவன் அரசன். கட்டாயத்தால் வாழ்ந்தவர்கள் குடிகள். இவ்விருவகைப் புறநகர் வாழ்க்கையும் இன்றளவும் கண்டியைச் சுற்றி அருகருகே இருப்பதை நாம் காண்கிறோம்.

ஆற்றங்கரை ஊர்களில் ஒன்று வட்டப்புலுவ. இதன் பெயர் 1803ஆம் ஆண்டில் இரத்தத்தால் எழுதப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படை கண்டியைக் கைப்பற்றி, முத்துசாமி என்பவனைப் பொம்மை அரசனாக அமர்த்தியது. ஜூன் மாதத்தில் நோயாலும் முற்றுகையாலும் நலிந்துபோன அப்படை, மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து வெளியேறியது. வட்டப்புலுவத் துறைக்கு வந்தபோது மகாவலி பெருக்கெடுத்து ஓடியது; பாலமோ இல்லை. முத்துசாமியை ஒப்படைக்கும்படி கண்டி மன்னன் கேட்டான், டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டான், அடுத்துப் படைவீரர்களும் கொல்லப்பட்டனர். அந்நிய ஆதிக்கத்தின் கையில் விளையாட்டுப் பொருளான ஒருவன், தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்ட இடமாகவே வட்டப்புலுவ வரலாற்றில் புகுந்தது. இதே ஊரை மறுபடியும், வேறொரு காரணத்துக்காக, நாம் சந்திக்கவிருக்கிறோம்.

*

வெள்ளையர் கண்டியை முற்றாகப் பிடித்ததும் செய்த முதல் வேலை, அரசர்கள் செய்ய மறுத்ததைச் செய்ததுதான். வீதி வெட்டினர், பாலம் கட்டினர். கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து ஏறியது. ஊழியத்தை ஒழிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவ்வீதியை வெட்டுவதற்கு அதே ராஜகாரிய உழைப்பைப் பயன்படுத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தாலான பாலம் மகாவலியைக் கடந்தது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. 1880இல் மாத்தளைக்கு நீண்டது. ஆறு இனி அரணாக இல்லை. அது கடக்க வேண்டிய ஒரு தடை மாத்திரமே.

வீதி யாருக்காக வெட்டப்பட்டது? தொடக்கத்தில் படைக்காக, பின்னர் கோப்பிக்காக. 1824இல் ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகில் கோப்பித் தோட்டம் போட்டார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசின் உடைமையாக்கியது. அரசு அதை மலிவாகத் துரைமார்க்கு விற்றது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மேட்டுநிலம் ஒரே கையெழுத்தில் கைமாறிப் போயிற்று. கண்டிச் சிங்களக் கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவே நெருக்குண்ட தீவுகளாயின. நூறாண்டுகள் கழித்து, 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கை தந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழு விசாரித்தது இந்த நெருக்கடியின் விளைவுகளைத்தான்.

அதே வேளையில் தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டிய மக்கள், மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையூடாக மலையேறினர். வழியில் இறந்தவர் தொகைக்குச் சரியான கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த உறைவிடம் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு திண்ணை. சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். பல லயங்களில் முதுகோடு முதுகு சேர்ந்து இன்னொரு வரிசை. சாளரம் என்பது பேருக்கு. இதைக் கட்டியவர், உள்ளே வாழப்போகிறவருக்கு எத்தனை பிள்ளைகள், எங்கே சமைப்பார், பிரசவம் எங்கே நடக்கும், சாமி படத்தை எங்கே வைப்பார் என்று கேட்டதில்லை. தலைக்கணக்கு எடுத்தனர், அளவுகோல் பிடித்தனர், கட்டி முடித்தனர்.

1869இல் கோப்பிச் செடியைப் பூஞ்சை நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. கண்டி நகரத்தைத் தெற்கே பார்த்து நிற்கும் ஹந்தானைச் சரிவிலும் தேயிலை ஏறியது. ஆகவே கண்டியின் ஆதிப் புறநகர்வாசிகளில் ஒரு பெரும் பகுதியினர் தோட்டத் தொழிலாளரே. நகரத்தின் விளக்குகள் அவர்கள் லயத்து வாசலிலிருந்து தெரியும். நகரத்திலிருந்து பார்ப்பவருக்கோ பச்சைச் சரிவு மட்டுமே தெரியும்.

நகரத்துக்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கண்டிக்கு மாநகர சபை அமைந்தது. வீதி கூட்டவும், கழிவு அள்ளவும், கான் வெட்டவும் ஆட்கள் வேண்டும். அவ்வேலைக்கும் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்களே கொணரப்பட்டனர். நகரத்தின் வடக்கு வாயிலில், பொது மயானம் அமைந்த மகியாவையில், மாத்தளை ரயில் சுரங்கத்துக்குள் புகும் அம்மேட்டுப் பகுதியில், அவர்களுக்கும் லயங்களே எழுந்தன. தலதா மாளிகையிலிருந்து மகியாவைக்கு நடந்தே போகலாம். தூரம் அற்பம்; இடைவெளியோ பெரிது. நகரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் கை, நகரத்தின் கண்ணில் படலாகாது என்பது எழுதப்படாத கட்டளை.

மாஞ்செஸ்டர் நகரத்தைப் பற்றி 1845இல் வெளிவந்த தமது நூலில் எங்கல்ஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அந்நகரில் செல்வர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வந்துபோனாலும், தொழிலாளர் குடியிருப்பைக் காணாமலே இருக்கும்படி வீதிகள் அமைந்துள்ளன என்று அவர் எழுதினார். அங்கே அந்த மறைப்பைச் செய்தவை கடை வரிசைகள். கண்டியில் அதைச் செய்ய மலைகளே போதுமாயிருந்தன.

*

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியின் புறநகர்க் கதை ஒரு புதிய திருப்பத்தை அடைந்தது. 1944இல் லண்டன் பெருநகருக்குத் திட்டம் வரைந்து, நகரத்தைச் சுற்றிப் பசுமை வளையமும் அதற்கப்பால் புது நகரங்களும் அமைய வேண்டுமென்று சொன்ன பாட்ரிக் அபர்குரோம்பியே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நில அமைப்புக்கும் திட்டம் தந்தவர். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம் பெயர்ந்தது. ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலியின் இருகரையிலும், ஆசியாவின் அழகிய கல்விச் சோலைகளில் ஒன்று எழுந்தது. அங்கேதான் 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ உருவாயிற்று. அங்கேதான் 1960களில் வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிர் தந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். இவையெல்லாம் நாம் பெருமைப்படத்தக்க செய்திகள். எனினும் அதே மலையின் மறுபுறத்தில் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டினர் என்று எண்ணினால், பெருமையோடு வேறோர் உணர்ச்சியும் கலந்துவிடுகிறது.

இனி வட்டப்புலுவவுக்கு வருவோம். 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி. தந்தையார் ஜார்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் அரசியல் தலைவர். தாயார் ஆக்னஸ், 1931இல் இலங்கைப் பெண்கள் பெற்ற வாக்குரிமைக்காக முன்னின்று போராடியவர். 1950களின் பிற்பகுதியில் வட்டப்புலுவவில் அரசாங்க ஊழியருக்கென இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றை அமைக்கும் பணி மினெட்டிடம் வந்தது. அவர் செய்த செயல் எளிமையானது; ஆயினும் அதுவரை இத்தீவில் கேள்விப்படாதது. வீடு கட்டுமுன், அவ்வீட்டில் வாழப்போகும் குடும்பங்களை அவர் கேட்டார்.

வினாக்கள் எழுதிக் கொடுத்தார், கூட்டிப் பேசினார். உங்கள் வழிபாடு எப்படி? சமையல் எப்படி? விருந்தினர் எங்கே அமர்வர்? எவ்வளவு செலவிட முடியும்? வெவ்வேறு சமயத்தாரும் இனத்தாரும் அக்குடியிருப்பில் அருகருகே வாழவிருந்தனர். அவர்கள் விடைகளுக்கேற்பச் சில மாதிரி அமைப்புகளை வகுத்து, அவற்றையும் தேவைக்கேற்ப மாற்றி, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யாமல் சரிவின் போக்கிலேயே வீடுகளை இருத்தினார். நகரத் திட்டத்தில் மக்களின் பங்கேற்பைப் பற்றி உலகமெங்கும் பலர் எழுதத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கண்டியின் புறநகர் ஒன்றில் அது செய்துகாட்டப்பட்டது.

நாம் இதை வியந்து பாராட்டுகிறோம். பாராட்டும்போதே ஒரு கேள்வி எழுகிறது. 1803இல் முத்துசாமி கைவிடப்பட்ட அதே ஆற்றங்கரையில், 1958ஆம் ஆண்டளவில், அரசாங்க எழுதுவினைஞரிடம் அவர் விருப்பம் கேட்கப்பட்டது. அதே காலத்தில், சில கல் தொலைவில் இருந்த மகியாவைத் துப்புரவுத் தொழிலாளியிடமும் ஹந்தானைக் கொழுந்து பறிப்பவளிடமும் யார் கேட்டனர்? அவர்களிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி சட்டம் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது.

அச்சட்டங்களின் வரிசையைப் பாருங்கள். 1930களின் இறுதியில் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயங்களில் வாழும் தொழிலாளர்க்குக் கிராமச் சபைத் தேர்தலில் இடமில்லாமற் போயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே பாராளுமன்ற வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கு இல்லாதவனை எந்த அரசியல்வாதி கேட்பார்? பிரசை அல்லாதவனுக்கு எந்த வீடமைப்பு இலாகா வினாத்தாள் அனுப்பும்? கேளாமை என்பது மறதியால் நேர்ந்ததன்று; அது முறையாகச் சட்டம் இயற்றி உண்டாக்கப்பட்டது.

*

புறநகரம் பெருகுவதற்குப் பேருந்து பெருந்துணை புரிந்தது. 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி பேருந்துச் சேவை தேசியமயமாயிற்று. லாபம் தராத மலைப் பாதைகளிலும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வண்டிகள் ஓடத் தொடங்கின. தலாத்துஓயாவிலும் கலஹாவிலும் இருப்பவர் கண்டிக்கு வேலைக்கு வந்து அன்றே வீடு திரும்புவது இயல்பாயிற்று. அந்தத் தலாத்துஓயாவில்தான் முற்போக்கு எழுத்தாளர் கே. கணேஷ் வாழ்ந்தார், 1946இல் ‘பாரதி’ இதழை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். இதற்கெல்லாம் முன்னரே, கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையையும், 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்னும் நாவலையும் வெளியிட்டிருந்தார். கண்டியைச் சுற்றிய தமிழ் இவ்வளவு பழமையானது. இடையில் வந்து ஒண்டியதன்று.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் தலைவிதி 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இங்கேயும் யாரும் கேட்கப்படாமலே இரு அரசுகளும் எண்ணிக்கையை முடிவு செய்தன. தலைமன்னாருக்குச் சென்ற ரயிலுக்கு மக்கள் சூட்டிய பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மற்றொரு நாட்டுக்கும் உரியவராகப் பிரிந்து அழுத அழுகை அப்பெயரில் இன்னும் கேட்கிறது.

1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் துரைமாரிடமிருந்து மீட்டன. நாம் வரவேற்க வேண்டிய நடவடிக்கையே அது. எனினும் மீட்ட நிலத்தைப் பங்கிட்ட முறையில்தான் குறை இருந்தது. கண்டியைச் சுற்றிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நிலமற்ற சிங்கள விவசாயிக்குத் துண்டு கிடைத்தது; அது நியாயமே. ஆனால் அந்நிலத்தையே தலைமுறையாகப் பண்படுத்திய தொழிலாளி பங்காளியாக எண்ணப்படவில்லை. பல இடங்களில் லயத்தைவிட்டே வெளியேற்றப்பட்டான். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டத்தைவிட்டு இறங்கிய குடும்பங்கள் கண்டி நகர வீதிகளில் கையேந்தி நின்றன. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் எஞ்சியோரையும் உலுக்கின. 1983 ஜூலையில் கண்டியில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. பலர் வவுனியாவை நோக்கிப் போயினர். நெருக்கப்பட்ட இரு ஏழைகள், தம்மை நெருக்கியவனை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்க்கும்படி செய்யப்பட்ட சோகம் இது.

ஆறும் மறுபடி கதைக்குள் வந்தது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு வடக்கே திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மறைந்தது. வயலையும் வீட்டையும் இழந்தோர் திகன, குண்டசாலைப் பக்கத்திலும் தொலைவான குடியேற்றங்களிலும் அமர்த்தப்பட்டனர். நீர் வற்றும் காலங்களில் பழைய நகரத்தின் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. பல்லெக்கலையில் பின்னர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. லயத்துப் பெண்ணும் கிராமத்துப் பெண்ணும் ஒரே தையல் வரிசையில் அமர்ந்து வேலை செய்யும் காலம் பிறந்தது.

*

இன்றைய புறநகர் வாழ்க்கை எத்தகையது? விடியுமுன் எழ வேண்டும். கண்டிக்குள் நுழையும் பெருவழிகள் மூன்றே: பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னக்கும்புரப் பக்கம். அன்று ஓடத்துறைகளில் நின்ற காவலரின் வேலையை இன்று வாகன நெரிசல் செய்கிறது. பாடசாலைப் பிள்ளையும் தாதியும் கடைச் சிற்றூழியரும் ஒரே பேருந்தில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாலத்தடியில் நின்று காத்திருக்கின்றனர். நகரத்தின் நிலவிலை ஏற ஏற, அவர்கள் வாங்கக்கூடிய காணி மேலும் மேலும் தொலைவிலும், மேலும் மேலும் உயரத்திலும் கிடைக்கிறது. தேயிலைச் சரிவு ‘பேர்ச்’ கணக்கில் விற்பனையாகிறது. செடியின் வேர் பிடித்துவைத்த மண்ணை வெட்டி வீடு வைக்கின்றனர். மழை கனத்தால் மண் இறங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாடு கண்டது. சரிவில் வீடு கட்டியவரை அறியாமையுடையோர் என்று ஏசுவது எளிது. சமநிலத்தில் ஒரு பேர்ச் என்ன விலை என்று கேட்டுவிட்டு ஏசுவோமானால் நேர்மையாயிருக்கும்.

நகரம் தன் உழைப்பாளரை மட்டும் வெளியே வைக்கவில்லை. தன் குப்பையையும் வெளியே வைத்தது. கட்டுகஸ்தோட்டைக்கு அணித்தான கொஹாகொடவில், மகாவலிக் கரையில், பல்லாண்டுகளாகக் கண்டியின் கழிவு மலையாகக் குவிக்கப்பட்டது. மழையில் ஊறிய அதன் சாறு ஆற்றில் கலக்கும் கேட்டினைப் பேராதனை விஞ்ஞானிகள் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். நகரத்தின் முகம் பளபளக்கும், நாற்றம் புறநகருக்கு.

உள்ளூராட்சியின் கதையையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. வாக்கு கிடைத்த பின்னும், வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை லயத்துப் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட முடியாத நிலை! இத்தடை நீங்க 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே, 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியிருந்தது. இவ்வெற்றிகள் தாமாக வந்தவை அல்ல. தொழிற்சங்கங்களும் எழுத்தாளரும் ஆசிரியரும் பல தலைமுறை போராடி ஈட்டியவை. ஆயினும் 2015க்குப் பின் தனிவீட்டுக்கென 7 பேர்ச் காணி என்று பேசப்பட்ட திட்டம் லயங்களில் ஒரு சிறு பகுதியையே எட்டியது. பெரும்பாலோர் இன்னும் குடியிருக்கும் சுவருக்குச் சொந்தக்காரர் அல்லர்.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தெல்தெனிய, திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அவ்வன்செயல் புறநகர்களிலேயே மூண்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே பேருந்துக்குக் காத்திருப்போர், ஒரே குழாய் நீருக்கு ஏங்குவோர், ஒரே வெள்ளத்தில் நனைவோர், ஒருவரையொருவர் அஞ்சும்படி யார் செய்கின்றனர்? அச்சத்தால் ஆதாயம் அடைவோர் அந்தப் பேருந்தில் ஏறுவதில்லை.

*

கண்டிப் புறநகரின் முந்நூறு ஆண்டுக் கதையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழக் காண்கிறோம். வாழப்போகிறவரைக் கேட்டார்களா? ராஜகாரியத்தில் கேட்கவில்லை. லயத்தில் கேட்கவில்லை. 1948இல் கேட்கவில்லை. 1964இல் கேட்கவில்லை. தெல்தெனியவை நீரில் மூழ்கவிட்டபோதும் தீர்மானம் வேறிடத்திலேயே எடுக்கப்பட்டது. கேட்டதற்கு நம் கையில் உள்ள சிறந்த சான்று வட்டப்புலுவ ஒன்று. அது செய்யத்தக்கது என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை. ஒரு பெண்மணியும் சில வினாத்தாள்களும் போதுமாயிருந்தன. அரசாங்க ஊழியருக்கு முடிந்தது துப்புரவுத் தொழிலாளிக்கு ஏன் முடியாது?

எனவே நாம் வேண்டுவன சில. லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமான, மண்சரியாத நிலத்தில் உறுதியோடு கூடிய காணி வேண்டும். மகியாவையிலும் ஹந்தானையிலும் எழும் எந்த வீட்டுத் திட்டமும், அங்கே வாழ்வோரை அவர்கள் மொழியிலேயே கேட்ட பின்னரே வரையப்பட வேண்டும். நகரத்தின் குப்பைக்கு நகரமே பொறுப்பேற்க வேண்டும். சிங்கள விவசாயியின் நிலப்பசியும் தமிழ்த் தொழிலாளியின் நிலப்பசியும் முஸ்லிம் சிறு வியாபாரியின் பாதுகாப்புத் தாகமும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட வேண்டும். தனித்தனியே பேசினால் அவற்றை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்புவோர்க்கு வழி கிடைத்துவிடும்.

பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி என மலைநாட்டு நகரங்கள் அனைத்தும் இன்று கண்டியின் வழியிலேயே விரிந்துகொண்டிருக்கின்றன. அங்கே கட்டப்படும் வீடுகளின் அத்திவாரத்துக்கு அளவுகோல் பிடிப்பதற்கு முன்னர், அவற்றில் குடிபுகப்போகும் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.